கால்மாட்டுப் பலகை

மகன், உன் மாமா நேற்று மூன்றாம் முறையாக என்னிடம் உன் உயரத்தைக் கேட்டார். உன் கலியாணக் கட்டிலுக்குத் தேக்குப் பலகை எடுத்துச் சீவி, தலைமாட்டில் கொடி வேலையும் செதுக்கி முடித்துவிட்டார். இரண்டு பக்கச் சட்டங்கள் மட்டும் நீளம் தெரியாமல் வெட்டப்படாமல் கிடக்கின்றன. "கட்டாருக்குப் போய் அஞ்சு வருஷமாச்சு. வளந்திருப்பான்தானே தங்கச்சி?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மூன்று முறையும் நான் தேத்தண்ணி போட எழும்பிவிட்டேன். மாமா மணவறைப் பக்கம் வரக்கூடாது, வந்தால் நீ எழும்பிப் போய்விடுவாய் என்று நீ எனக்கு அனுப்பிய செய்தி என் தொலைபேசியில் இருக்கிறது. அதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என் வாயால் சொல்லவும் போவதில்லை. அதற்குப் பதிலாக உன்னிடம் ஒன்றைச் சொல்கிறேன்.

இதை உன் தொலைபேசிக்கு அனுப்பாமல் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று கோபிக்காதே. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் பேசுவேன், ஆசிரியர் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டேன். கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். ஆனால் உன் அப்பாவின் எட்டாம் நாள் சடங்கன்று நீ பந்தலுக்கு நடுவே நின்று, வந்த சனம் அத்தனையும் கேட்க மாமாவை ஏசினாய். ஊர் கேட்கச் சொன்னதற்கு ஊர் கேட்கத்தான் மறுமொழி சொல்லவேண்டும். அன்று நான் சொல்லியிருக்கவேண்டிய மறுமொழி இது. இரண்டு வருடம் பிந்தி வருகிறது.

குருக்கள்மடத்தில் பெரிய வீதியோரம் மாமாவின் தச்சுக் கொட்டில் இருப்பதும், கதவு, யன்னல், கட்டிலோடு அவர் பிரேதப் பெட்டியும் செய்வதும் உனக்குப் புதிதல்ல. உனக்குத் தெரியாதது, அந்தப் பெட்டிகளில் பாதி என் கைபட்டவை என்பது. படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து, உள்ளே விரிக்கும் வெள்ளைச் சாட்டின் துணிக்குச் சுருக்குத் தைப்பேன். விளிம்பில் பொன் நிற நாடா ஒட்டுவேன். மாமா மரத்தூளையும் பசையையும் குழைத்து இடுக்குகளில் அப்பி, காய்ந்தபின் தேய்த்து, மாம்பலகையைத் தேக்குப் போலக் காட்டும் வார்னிஷ் பூசுவார். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் அந்த வார்னிஷ் மணத்தில்தான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போன முதல் வாரமே விடுதியில் ஒருத்தி, "உங்கட அண்ணன் என்ன செய்யிறார்?" என்று கேட்டாள். "தளபாடம் செய்யிறார்" என்றேன். கட்டில், மேசை எல்லாம் தளபாடம்தான், பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்னபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடமும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

இரண்டாம் வருடத்தில் பண்டைய எகிப்திய அரசர்களின் அடக்கப் பொருட்களைப் பற்றிக் கட்டுரை எழுதும்படி எனக்கு வந்தது. யாரோ விதியை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மற்றவர்கள் அந்தப் படங்களில் பொன்னைத்தான் பார்த்தார்கள். எனக்கோ பொன்னுக்குக் கீழே இருந்த பலகை தெரிந்தது. இளம் வயதில் செத்த ஒரு அரசனுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டிகள். எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்தது முழுப் பொன். மற்ற இரண்டும் மரம். மரத்தின் மேல் சுண்ணமும் பசையும் குழைத்த பூச்சு, அதன் மேல் தாளைவிட மெல்லிய பொன் தகடு. நடுப்பெட்டியின் உடம்பு முழுக்க இறகு இறகாகக் குழி வெட்டி, நீலக் கண்ணாடியும் சிவப்புக் கண்ணாடியும் பதித்திருந்தார்கள். இவை மூன்றையும் வைக்க ஒரு கல் தொட்டி. அதைச் சுற்றி, அறை போல, பொன் போர்த்த நான்கு மர மாடங்கள். கடல் கடந்து வந்த கேதுரு மரப் பலகைகளை முளையும் துளையுமாகப் பொருத்தியிருந்தார்கள். எந்தப் பலகை எந்தப் பலகையோடு சேரவேண்டும், எது எந்தத் திசை பார்க்கவேண்டும் என்று தச்சர்கள் ஒவ்வொன்றிலும் குறி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அப்படியிருந்தும் கல்லறைக்குள் வைத்துப் பூட்டியவர்கள் திசையை மாற்றிப் பூட்டிவிட்டார்கள். பொருந்தாத இடத்தில் சுத்தியலால் அடித்த வடு பொன்னில் அப்படியே இருந்தது. கல் மூடி குறுக்கே வெடித்திருந்தது. வெடிப்பைச் சுண்ணத்தால் அடைத்து மேலே நிறம் பூசியிருந்தார்கள்.

அதில் ஒன்று என்னை விட்டுப் போகவே இல்லை. வெளிப்பெட்டியின் பாதம் உயர்ந்துவிட்டது. கல் மூடி இறங்கவில்லை. நின்றவர்கள் அந்தப் பெட்டியின் பொன் பூசிய கால்விரல்களைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வெட்டிய இடத்தில் கறுப்புப் பிசினைப் பூசி மூடியிருக்கிறார்கள். செதுக்கிய சீவல்களை அள்ளக்கூட நேரமில்லை. ஆயிரக்கணக்கான வருடம் கழித்துத் திறந்தவர்கள் கல் தொட்டியின் அடியில் அந்தச் சீவல்களைக் கண்டார்களாம். விரிவுரையாளர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூடி இறங்காத பெட்டியைச் சுற்றி நிற்கும் ஆட்களை நான் கண்டிருக்கிறேன். எழும்பி அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விடுமுறைக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் சீவுளியைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். மூட்டுக்கு ஆணி அடித்தார்களா, முளைதானா என்று கேட்டார். பசை எதில் காய்ச்சினார்கள் என்று கேட்டார். ஒரு ஆளுக்கு மூன்று பெட்டி என்றதும், அப்படி ஒரு ராசா நம்மட பக்கம் ஏன் பிறக்கவில்லை என்று சிரித்தார். கால்விரல் கதைக்கு மட்டும் சிரிக்கவில்லை. "செத்த ஆள்ட பாதம் நிமிந்து நிக்காது தங்கச்சி. முன்னுக்குச் சாயும். ஆள் உசரத்தோட ஒரு சாண் கூட்டோணும். அது தெரியாதவன் பெட்டியில கை வைக்கக் கூடாது" என்றார். இந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொள் மகன். மாமாவுக்கு அது தெரியாமல் இருந்ததில்லை.

அந்த விடுமுறையில் உனக்கு வயது ஒன்று. பத்தொன்பதில் எனக்குக் கலியாணம், இருபதில் நீ. பரீட்சை முடிவு வந்தபோது நீ வயிற்றில் இருந்தாய். படிக்கப் போ என்று சொன்னவர் உன் அப்பா. ஆனால் மண்டூர்த் துறையில், வாவியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சனத்தையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி இறக்கும் மிதவைப் படகான பாதையில் வேலை செய்த மனிதர் கைக்குழந்தையை எங்கே வைத்திருப்பார்? மாமாதான் வைத்திருந்தார். கிழமை நாட்களில் நீ கொட்டிலில் வளர்ந்தாய். சீவல் குவியலில் விளையாடிக் களைத்துப் போனால், துணி விரிக்காத புதுப் பெட்டி ஒன்றுக்குள் பழைய சாரத்தை மடித்துப் போட்டு உன்னைக் கிடத்திவிடுவார். எறும்பு வராது, உருண்டு விழமாட்டாய். வீதியால் போன பெண்கள் வாயில் கை வைத்தார்கள். பிள்ளையைப் பெட்டிக்குள் போடுகிறவனும் உண்டா என்று என்னிடம் முறையிட்டார்கள். உன் அப்பாவுக்கு அது பெரிய பகிடி. "எனக்கும் மச்சானுக்கும் ஒரே வேலைதான். ஆள் ஏத்துற வேலை. அவர் ஏத்துறவங்க மட்டும் மறுகா திரும்பி வாறல்ல. எங்கட மகன் ஒருவன்தான் தினமும் எழும்பி வாறான்" என்று பாதையில் வருகிறவர்களிடம் சொல்லுவார்.

கொட்டிலின் நடுத்தூணில் உள்ள கோடுகளை நீ மறந்திருக்கமாட்டாய். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உன்னை நிறுத்தி மாமா பென்சிலால் கிழித்தவை. கடைசிக் கோடு உன் பத்தொன்பதாவது வயதில் நிற்கிறது. அவற்றுக்கெல்லாம் மேலே, தனியாக ஒரு கோடு இருக்கிறது. எங்கள் கலியாணக் கட்டில் செய்வதற்காக உன் அப்பாவை நிறுத்தி எடுத்த அளவு அது. ஆறடிக்கு மேலே. நீ எட்டிப் பிடிக்க ஆசைப்பட்ட கோடு.

இப்போது நான் சொல்லவேண்டியதற்கு வந்துவிட்டேன். இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தானோ என்று நினைக்கிறேன்.

உன் அப்பா செவ்வாய்க்கிழமை காலையில் பாதையில் கயிற்றைப் பிடித்தபடி சரிந்தார். நீ தொலைபேசியில் அழுதாய். கம்பனியில் கடவுச்சீட்டை வாங்கி சனிக்கிழமை வந்துவிடுவேன், அதுவரை வையுங்கள் என்றாய். உடலைப் பதப்படுத்திய மலர்ச்சாலைக்காரர், மருந்து ஏற்றியிருக்கிறது, சனிவரை தாராளமாக வைக்கலாம் என்றார். உடலைக் கொண்டுவந்து எங்கள் கட்டிலிலேயே கிடத்தினார்கள். மாமா கொட்டிலுக்குப் போய்விட்டார். அங்கே செய்து வைத்த பெட்டிகள் இருந்தன. எல்லாம் உன் அப்பாவின் நீளத்துக்குக் கட்டை. மச்சானுக்கு மாம்பலகையா என்று, கதவுக்கு வைத்திருந்த தேக்கை எடுத்து இரண்டு நாள் சாப்பிடாமல் செய்தார். ஒரு ஆணியும் இல்லாமல் முழுக்க மூட்டு. பக்கப் பலகைகளில் வாவி அலை போல ஒரு வரி செதுக்கியிருந்தார். அப்படி ஒரு பெட்டியை அவர் அதற்கு முன் செய்ததில்லை.

வியாழக்கிழமை காலை பெட்டி வந்தது. ஆட்களை வெளியே அனுப்பி அறைக் கதவைச் சாத்தினோம். மாமா, கொட்டிலில் வேலை செய்யும் இரண்டு பேர், நான். தூக்கி வைத்தார்கள். கால் இறங்கவில்லை. பெட்டி நான்கு விரல் கட்டை.

வேலைக்காரர் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமா அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பது வருடமாக ஊர் முழுவதையும் அளந்த மனிதர். "அளக்கல்லியா அண்ணன்?" என்று கேட்டேன். "தூணில இரிக்கிற கோட்டப் பாத்துச் செஞ்சன்" என்றார். பலகை விளிம்பைத் தடவிக்கொண்டு, "ஒரு சாண் கூட்ட என்ட கை வரல்ல தங்கச்சி" என்றார். எனக்கு அப்போதே விளங்கியது. நிற்கிற ஆளுக்கு அந்தக் கோடு போதும். கூட்டினால் மச்சான் செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஊரில் எல்லாருக்கும் கூட்டியவருக்குத் தன் மச்சானுக்குக் கூட்ட முடியவில்லை.

அவர் அழுது முடித்ததும், பெட்டியைக் கொண்டுபோய் வேறு பலகை போட்டு வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன் என்றார். "மகனும் சனி வந்திருவான்தானே. அவன் முகம் பாக்கட்டும். அதுக்குப் பிறகு எடுப்பம்" என்றார். இதைத்தான் நீ தெரிந்துகொள்ளவேண்டும். பொறுப்போம் என்று சொன்னவர் உன் மாமா. வேண்டாம் என்று சொன்னவள் நான்.

ஏன் சொன்னேன் என்று இரண்டு வருடமாக என்னையே கேட்கிறேன். வெளியே பந்தல் நிறையச் சனம் இருந்தது. வந்த பெட்டி திரும்பிப் போனால், பெட்டிக்காரன் சொந்த மச்சானுக்கே அளவு பிழைத்துவிட்டான் என்று மண்டூர்வரை கதை போகும் என்று பயந்தேன். அண்ணனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, ஆட்களுக்கு முன்னால் வெட்கப்பட்டு நிற்க எனக்குப் பயம். விடுதியில் தளபாடம் என்று சொன்ன அதே பெண்தான் அன்று கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். "இதுக்குள்ளேயே சரிப்படுத்துங்க அண்ணன்" என்றேன். தலைமாட்டுப் பஞ்சணையை எடுத்தோம். மாமா உளி எடுத்துக் கால்மாட்டுப் பலகையின் உட்புறத்தை, விரல்கள் போய்ப் பொருந்தும் அளவுக்குக் குடைந்தார். ஒரு விரல் இடம் கிடைத்தது. மிச்சத்துக்கு உன் அப்பாவின் முழங்கால்களை நான் மடக்கினேன். என் கையால். மேலே வேட்டியை விரித்து, பூவைப் போட்டு மறைத்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். சீவல்களைக் கொண்டுபோய்ப் போட வழியில்லை. அள்ளி, சாட்டின் துணிக்குக் கீழே தள்ளினேன். அப்போது எனக்கு அந்தக் கல் தொட்டி நினைவு வந்தது. அரசனின் ஆட்களை நினைத்து வகுப்புச் சிரித்த சத்தமும் காதில் கேட்டது.

அதன் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்து, இரவில் போர்வைக்கு வெளியே பாதம் தெரிய நீட்டிப் படுக்கிற மனிதர். அவரை முழங்கால் மடக்கிச் சனிக்கிழமைவரை வைத்திருக்கவும், நீ வந்து போர்வையை விலக்கிப் பார்க்கவும் என்னால் முடியாது என்று நினைத்தேன். உன் கண் என் கண் மாதிரி. எதையும் விடாது. "இண்டைக்கே எடுங்க" என்றேன். மாமா இரண்டு முறை மறுத்தார். "அவன் என்னை மன்னிக்கமாட்டான் தங்கச்சி" என்றார். "நான் சொல்லிக்கொள்வேன்" என்றேன். பின்னேரம் கடற்கரைப் பக்க மயானத்தில் அடக்கம் செய்தார்கள். சனிக்கிழமை நீ வந்தபோது மண் காய்ந்திருந்தது.

நான் சொல்லிக்கொள்ளவில்லை. எட்டாம் நாள் நீ மாமாவின் முன்னால் போய் நின்று, "மூடிக் குடுத்தாத்தான் பெட்டிக்காரனுக்கு வேலை முடியும், என்ன? இது நீங்க விக்கிற பெட்டி இல்ல, என்ட அப்பா" என்றாய். சனம் இலையிலிருந்து தலையை நிமிர்த்தியது. நான் குசினி வாசலில் கையில் சட்டுவத்தோடு நின்றேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று பார்க்காமல் இருந்தார். "ஓம் மனே. நான்தான் எடுக்கச் சொன்ன" என்றார். இலையில் போட்ட சோற்றைத் தொடாமல் எழும்பிப் போனார். ஒரு வசனம் நான் பேசியிருந்தால் போதும். என் வாயில் அந்த வசனம் இருந்தது. சட்டுவத்தைக் கழுவப் போய்விட்டேன்.

அடக்கமான பெண் என்று ஊர் என்னைச் சொல்லும். நீயும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். என் அடக்கத்துக்கு என் அண்ணன் இரண்டு வருடம் விலை கொடுத்திருக்கிறார் மகன். நீ கட்டப்போகிற பிள்ளையும் பேசாத பிள்ளை என்று கேள்விப்பட்டேன். அவள் பேசாமல் இருக்கும் நேரங்களில் எல்லாம் சரியென்று நினைத்துவிடாதே. பக்கத்தில் போயிருந்து கேள். உன் அப்பா என்னிடம் அப்படித்தான் கேட்பார். அவர் போனபிறகு என்னிடம் கேட்பதற்கு ஆளில்லாமல் போயிற்று. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான்.

இதை எழுதப்போகிறேன் என்று போன கிழமை மாமாவிடம் சொன்னேன். எதை மறைக்க உனக்காகக் காத்திருக்காமல் விட்டேனோ, அதையே அச்சில் போடுவதென்றால் அவர் சம்மதிக்கவேண்டும் அல்லவா? சீவுளியின் அலகைத் துடைத்து வைத்தார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "எழுது. அளவு பிழைச்சது என்ட பெட்டியிலதானே" என்றார். நான் எழும்பி வரும்போது கூப்பிட்டு, "மத்த ஆக்களுக்கெல்லாம் அளந்துதான் செஞ்சவன் எண்டும் ஒரு வரி போடு. இல்லாட்டி சனம் கிண்டிப் பாக்கப் போகும்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் பகிடி. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

உன் அப்பாவுக்கு நாம் இனிச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவர் முழங்கால் மடங்கியபடிதான் இருக்கிறார். சீவலும் அவரோடு இருக்கிறது. அதை நான் ஒவ்வொரு நாளும் படுக்கும்போது, கட்டிலில் அவர் பக்கம் இருக்கும் இடத்தைப் பார்த்து நினைத்துக்கொள்கிறேன். கோபிப்பதென்றால் என்னைக் கோபி. மணவறைப் பக்கம் வரக்கூடாதவர் யாரென்றால், அது நான்தான். நீ சொன்னால், பெண்வீடு இருக்கும் அக்கரைக்குப் போகப் பாதையில் ஏறாமல் இந்தக் கரையிலேயே நின்றுகொள்வேன்.

ஆனால் உன் உயரத்தை நான் மாமாவிடம் சொல்லமாட்டேன். நீயும் தொலைபேசியில் சொல்லாதே. ஊருக்கு வந்து இறங்கியதும் வீட்டுக்கு வராமல் நேரே கொட்டிலுக்குப் போ. செருப்பைக் கழற்றிவிட்டு, தூணில் முதுகு படும்படி நிமிர்ந்து நில். அவர் அளவு நாடாவோடு வருவார். இரண்டு மூன்று முறை அளப்பார். அவர் எடுத்து முடிக்கும்வரை அசையாமல் நில், மகன்.